சும்மா இருப்பவர்களின் தொப்பை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த தொப்பைக் கட்டுரையை நைட் டூட்டியில் இரண்டு முறை படித்தேன். எழுதியவர் படித்தவர், எனக்குப் பத்தாம் வகுப்போடு சரி. தவறு என் பக்கம்தான் இருக்கும் என்று காலையில் வீட்டுக்கு வந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாம் முறையும் படித்தேன். அந்த வரி அப்படியேதான் இருந்தது. "வேலைக்குப் போகாமல் வீட்டில் சும்மா இருக்கும் நடுத்தர வயதினருக்கே எடை கூடுகிறது. ஏதாவது ஒரு வேலைக்குப் போனாலே பாதித் தொப்பை கரைந்துவிடும்."

எனக்கு வயது 61. என் வீட்டுக்காரிக்கு 56. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், "ஏனுங்க, சும்மா இருக்கறவங்கன்னு என்னையச் சொல்றாங்களா?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. எல்லாம் தெரிந்த தங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

அவள் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் 19 வருடம் செக்கிங் பார்த்தவள். ஒன்றரை ஷிப்ட் என்றால் 12 மணி நேரம் என்பது தங்களுக்குத் தெரியும்தானே? அத்தனையும் நின்றபடி. முட்டி தேய்ந்த பிறகு நின்றுகொண்டாள், அதாவது வேலையை விட்டு நின்றுகொண்டாள். தமிழில் இந்த ஒரு சொல்லே எங்களைக் கேலி செய்கிறது. முட்டி வலியோடு நடமாட்டம் குறைந்தது, எடை ஏறியது. இரண்டு வருடம் கழித்து வேறொரு கம்பெனிக்குப் போய் வேலை கேட்டாள். அங்கிருந்த சின்னப் பையன் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அக்கா, இத்தன ஒடம்ப வெச்சுட்டு நிக்க முடியுங்களா?" என்று கேட்டானாம். வேலை போனதால் உடம்பு வந்தது, உடம்பு வந்ததால் வேலை வரவில்லை. உங்கள் கட்டுரையாளர் இதில் ஒரு பாதியை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். இப்போது அவள் ஐந்து மணிக்கு எழுந்து மாட்டைப் பார்த்து, பேரனைப் பள்ளிக்கு அனுப்பி, எனக்கு ராத்திரிச் சோறு கட்டிக் கொடுத்து, மற்ற நேரம் சும்மா இருக்கிறாள்.

அடுத்து என் கதை. சோமனூர் பக்கம் சொந்தமாக எட்டு விசைத்தறி வைத்துக் கூலிக்குக் காடாத் துணி ஓட்டினேன். எட்டுத் தறிக்கும் ஒரே ஆள். இங்கே இழை அறுந்தால் ஓட வேண்டும், அங்கே தார் (நாடாவுக்குள் இருக்கும் ஊடை நூல் கட்டை) தீர்ந்தால் ஓட வேண்டும். காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும், மத்தியானம் வயிறு முட்ட அரிசிம்பருப்பு. அப்போது என் எடை 52 கிலோ. தறிச் சத்தத்தில் பாதிக் காது போனதே தவிர, வயிறு வரவில்லை. (அதனால்தான் நான் பேசினால் சண்டை போடுகிற மாதிரி இருக்கும் என்பார்கள். எழுதினாலும் அப்படி இருந்தால் மன்னிக்கவும்.)

2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டங்களில் ஒரு மாதத்துக்கு மேல் தறிகளை நிறுத்தினோம். தங்கள் பத்திரிகை அதற்கு ஒன்பதாம் பக்கத்தில் ஆறு வரி ஒதுக்கியது. அந்தப் பெருந்தன்மையை நாங்கள் மறக்கவில்லை. அந்த வருடமே எட்டுத் தறியையும் பழைய இரும்பு விலைக்குப் போட்டேன். எடைக்கல்லில் வைத்து நிறுத்து எடுத்துப் போனார்கள். எடையைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும்.

அப்புறம் கட்டுரையாளர் சொன்ன மாதிரியே 'ஏதாவது ஒரு வேலை'க்குப் போனேன். கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி. இரவு எட்டு முதல் காலை எட்டு வரை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கேட்டைத் திறப்பதும் மூடுவதும் ரிமோட். தூக்கத்தை விரட்ட ஆறு டீ, இரண்டு மணிக்குப் பசித்தால் பன். சேர்ந்தபோது கொடுத்த பேண்ட் 32, இப்போது போடுவது 36. எடை 71 கிலோ. வேலைக்குப் போனதால் வந்த தொப்பை இது. எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

அங்கே குடியிருக்கும் டாக்டர் ஒருவர் ராத்திரி தாமதமாக வந்தால் கேட்டருகே நின்று பேசுவார். லண்டன் பஸ் கதையை அவர்தான் சொன்னார். 1953-ல் மாரிஸ் என்ற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும், உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களைவிட மாடி பஸ்ஸில் படியேறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று கண்டார்களாம். மூன்று வருடம் கழித்து யூனிபார்ம் அளவுகளை எடுத்துப் பார்த்தால், டிரைவர்களின் பேண்ட் இடுப்பு பெரிது. இரு தரப்பும் வேலைக்குப் போனவர்கள்தான், ஒருவரும் சும்மா இருக்கவில்லை. இதிலும் ஒரு முடிச்சு உண்டு என்றார் டாக்டர். இளவயது டிரைவர்களுக்கே இடுப்பு கொஞ்சம் பெரிதாம். ஆகவே வேலை உடம்பை மாற்றியதா, உடம்பைப் பார்த்து வேலை அமைந்ததா என்று சட்டென்று சொல்லிவிட முடியாதாம். அதற்கு மேல் ராத்திரி முழிப்பு இருக்கிறது. தூக்கம் கெட்டால் பசி கூடும், வயதாக ஆகத் தசை கரையும், அதே சோறு வயிற்றில் போய் உட்காரும். இவ்வளவையும் பார்க் பண்ணும் நேரத்தில் ஒரு டாக்டர் வாட்ச்மேனுக்குச் சொல்ல முடிகிறது. அரைப் பக்கக் கட்டுரையில் இடமில்லை. எதிர்ப்பக்கம் முழுக்க அன்லிமிடெட் பிரியாணி விளம்பரம் இருந்ததால் இருக்கலாம்.

தமிழ்நாட்டில் பெண்களில் நூற்றுக்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் அதிக எடை என்று கட்டுரையில் போட்டிருந்தீர்கள். அது 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களின் கணக்காம். ஐம்பதைத் தாண்டிய எங்களைத் திட்ட எங்களைச் சேர்க்காத கணக்கை எடுத்திருக்கிறீர்கள். 45 வயதுக்கு மேற்பட்டவர்களை வீடுவீடாகப் போய் எடைபோட்டு, இடுப்பு அளந்த கணக்கெடுப்பு 2017-18-ல் நாடு முழுக்க நடந்திருக்கிறது. சுமார் 72,000 பேர். தங்களுக்கு அதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான்.

துணிக்கடைகளில் நிற்கும் பிள்ளைகளுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் சட்டம் வந்தது, நல்லது. எனக்கோ இருக்கை இருக்கிறது, எழுந்திருக்கத்தான் வழியில்லை. அரை மணிக்கு ஒரு தரம் காம்பவுண்டைச் சுற்றி வருகிறேன் என்று மேனேஜரிடம் கேட்டேன். கேட்டில் ஆள் இல்லாவிட்டால் கேமராவில் தெரியும் என்றார்.

சரி, என் கோரிக்கை சின்னதுதான். கட்டுரையோடு போட்ட பெட்டிச் செய்தியில் ஆண்களுக்கு இடுப்பு 40 அங்குலம், பெண்களுக்கு 35 அங்குலம் வரை பயமில்லை என்று இருந்தது. அது வெள்ளைக்காரர்களுக்கான அளவாம். நம்மவர்களுக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 சென்டிமீட்டர் என்று டாக்டர் சொன்னார். டேப் வைத்து அளந்தோம். எனக்கு 94 (அங்குலத்தில் 37), அவளுக்கு 86 (அங்குலத்தில் 34). உங்கள் கட்டுரைப்படி நாங்கள் சோம்பேறிகள், உங்கள் பெட்டிச் செய்திப்படி எங்களுக்குத் தொப்பையே இல்லை. அந்த இரண்டு எண்களை மட்டும் வரும் ஞாயிறு திருத்திப் போடுங்கள். 'சும்மா' என்ற சொல்லைத் திருத்தச் சொல்லவில்லை, அது தங்கள் கையில் இல்லை.

இப்படிக்கு,
முன்னாள் விசைத்தறியாளர், சோமனூர்.

பி.கு.: பஸ் நேரம் பற்றி முன்பு நான் எழுதிய கடிதத்தை மூன்று வரியாக வெட்டி, ஊரை 'சேவூர்' என்று போட்டிருந்தீர்கள். இதையும் வெட்டுவீர்கள், தெரியும். ஊரை மட்டும் சரியாகப் போடவும்.