இன்று குழாயில் வந்தது எந்தத் தண்ணீர்?

எங்கள் ஊருக்குக் குடிநீர் விடும் பொறுப்பில் இருக்கிற அலுவலர்களுக்கும், ஊராட்சியில் இருப்பவர்களுக்கும், டேங்க் வால்வைத் திறந்துவிடுகிற அண்ணனுக்கும் வணக்கம்.

பாப்பாரப்பட்டிக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரு சின்ன ஊரிலிருந்து எழுதுகிறேன். ஊர்ப் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் யாரோ ஒருவர்மேல் புகார் கொடுத்ததாக ஆகிவிடும். வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரருக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. மகளுக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. மகனுக்கு இரண்டே கால் வயது, ஆனி மாதத்திலிருந்து அங்கன்வாடிக்குப் போகிறான்.

மகளுக்கு மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் போன மாதம் முளைத்தன. விழுந்த பால்பற்கள் தேங்காய்ச் சில்லுபோல வெள்ளையாக இருந்தவை. புதுப் பல்லைப் பார்க்க எனக்கு அவளைவிட ஆசை. காலையில் பல் விளக்கியதும் வாசல் வெளிச்சத்தில் நிற்க வைத்து, முந்தானையால் பல்லை ஒற்றிப் பார்த்தேன். ஈரமாக இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. காய்ந்ததும் குறுக்கே மெல்லிய கோடுகள் தெரிந்தன, சுண்ணாம்பை விரலில் தொட்டு இழுத்ததுபோல. ஒரு பல்லின் ஓரத்தில் மட்டும் திட்டாக வெளுத்திருந்தது. அந்தக் கோடு என்னவென்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. என் பல்லிலும் அது இருக்கிறது. முப்பது வருடத்தில் காவி நிறமாகிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தர்மபுரிக்குக் கூட்டிப்போய் பல் டாக்டரிடம் காட்டினேன். பேஸ்டை மாற்றலாமா, எதுவும் மருந்து தருவீர்களா என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "இது இப்ப வந்ததில்லம்மா. இந்தப் பல்லு ஈறுக்குள்ள உருவானப்போ வந்தது. பாப்பா ரெண்டு வயசு, மூணு வயசுல குடிச்ச தண்ணி."

அந்த வார்த்தையைக் கேட்டபோது இடுப்பில் இருந்த மகனைத்தான் பார்த்தேன். அவனுக்கு இப்போது அதே வயது.

டாக்டர் விளக்கியதை இங்கே எழுதுகிறேன், என்னைப் போன்ற மற்ற அம்மாக்களுக்கும் பயன்படட்டும். நிரந்தர முன்பற்களின் மேல்பூச்சு, அதாவது எனாமல், பிள்ளை பிறந்த சில மாதங்களிலேயே ஈறுக்குள் உருவாக ஆரம்பித்துவிடுகிறது. நான்கு, ஐந்து வயதுக்குள் அந்த வேலை முடிந்துவிடும். கடைவாய்ப் பற்களுக்கு எட்டு வயதுவரை ஆகலாம். அந்தக் காலத்தில் உடம்புக்குள் புளோரைடு, அதாவது தண்ணீரில் கரைந்து வருகிற ஒரு வகை உப்பு, அதிகமாகப் போனால் பூச்சு சரியாகக் கெட்டிப்படாது. பல் வெளியே வந்த பிறகு எவ்வளவு நல்ல தண்ணீர் கொடுத்தாலும் அந்தக் கோடு போகாது. பால்பல் வெள்ளையாக இருந்ததற்கும் காரணம் சொன்னார். அதில் பெரும்பகுதி வயிற்றுக்குள்ளேயே உருவாகிவிடுகிறது, மிச்சம் தாய்ப்பால் குடிக்கும் மாதங்களில். தாய்ப்பாலில் புளோரைடு மிகமிகக் குறைவு. ஆக என் பால் பாதுகாத்தது, நான் ஆக்கிப் போட்ட சோறு பாதுகாக்கவில்லை. இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

என் பல்லைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூரில் இரண்டு வருடம் பனியன் கம்பெனியில் இருந்தேன். சேர்ந்த முதல் வாரமே உடன் வேலை பார்த்த அக்கா ஒருவர், "இந்த வயசுலயே வெத்தல பாக்கு போடுவியா?" என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகும். என் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட என் பல் தெரியாது. போன வாரம் பள்ளிக்கூடத்தில் எடுத்த குரூப் போட்டோ வந்தது. மகள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாள். அவளிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். என்னைப் பார்த்துப் பழகியிருக்கிறாள்.

என் மாமியாருக்குக் கழுத்து திரும்பாது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்துதான் திரும்புவார். குனிந்து கோலம் போட்டுப் பத்து வருடம் ஆகிறது. அதுவும் இந்தத் தண்ணீர் எலும்பில் சேர்ந்ததுதான் என்று அவரைப் பார்த்த டாக்டர் சொன்னார். மூன்று தலைமுறை ஒரே வீட்டில் இருக்கிறோம். அவர்கள் காலத்தில் கிணறு, போர் என்கிற ஆழ்துளைக் கிணறு தவிர வேறு வழி இல்லை. இப்போது வழி இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எங்கள் மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் சேர்த்துக் கொண்டுவரப்பட்டது. ஜப்பான் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாய்த் திட்டம். 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் தண்ணீர் விட்டார்கள். அதன் முழுப் பெயரிலேயே புளோரோசிஸ், அதாவது புளோரைடால் பல்லும் எலும்பும் கெடுகிற நோய், என்ற சொல் இருக்கிறது. தாகம் தீர்க்க மட்டும் வந்த திட்டமில்லை அது, எங்கள் பிள்ளைகளின் பல்லையும் எலும்பையும் காப்பாற்ற வந்தது. யானைப்பள்ளத்தில் காவிரித் தண்ணீரைச் சுத்தம் செய்து, மேட்டுக்கு ஏற்றி, இவ்வளவு தூரம் குழாயில் கொண்டு வருகிறீர்கள். ஆடிப் பதினெட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒகேனக்கல் போய் முழுக்குப் போட்டு வரும்போதெல்லாம், இந்தத் தண்ணீர்தான் நம் வீட்டுக்கும் வருகிறது என்று மகளுக்குக் காட்டியிருக்கிறேன். அதற்காக நன்றி சொல்லாமல் மேலே எழுத மனம் வரவில்லை.

இனி எங்கள் ஊர்க் கதை. ஒன்றுவிட்டு ஒரு நாள் காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். மேல்நிலைத் தொட்டி ஒன்றுதான். அதில் ஒகேனக்கல் லைனும் ஏறுகிறது, ஏரிக்கரைப் போரின் லைனும் ஏறுகிறது. ஆற்றுத் தண்ணீர் குறைவாக வந்த நாளில், எங்காவது பைப் உடைந்த நாளில், கரண்ட் பிரச்சினை வந்த நாளில் போர் மோட்டாரைப் போடுகிறார்கள். போடாமல் என்ன செய்வார்கள்? தண்ணீர் வராவிட்டால் முதலில் குடத்தோடு போய் டேங்க் அண்ணன் வீட்டு வாசலில் நிற்பதே நாங்கள்தான். ஆனால் எந்த நாளில் எது ஏறியது, எவ்வளவு கலந்தது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. கேட்டால், "ரெண்டும் தான் வருது, எப்படிப் பிரிச்சுச் சொல்றது" என்பார்.

எங்கள் வீட்டுப் பெண்கள் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருந்தோம். சோப்பு நுரை வராவிட்டால், பருப்பு வேகாவிட்டால், பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்தால் அது போர் தண்ணீர். அன்று பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. நுரை நன்றாக வந்து, குடித்தால் இனிப்பாக இருந்தால் ஆற்றுத் தண்ணீர், கவலையில்லை. ஏழு வருடமாக இந்தக் கணக்கில்தான் மகளை வளர்த்தேன். அந்தக் கணக்கு தப்பு. கருங்கல் பாறைக்குள் நாட்கணக்கில், வருடக்கணக்கில் கிடக்கும் தண்ணீரில் அந்தக் கல்லிலிருந்தே புளோரைடு கரைந்து இறங்குகிறது. சுண்ணாம்புச் சத்து குறைவாக உள்ள மென்மையான தண்ணீரில்தான் அது அதிகமாகத் தங்கும். அதாவது நுரை நன்றாக வரும், பருப்பு மெத்தென்று வேகும், வாய்க்கு ருசியாகவும் இருக்கும், அதில் புளோரைடும் இருக்கும். நிறமில்லை, வாசனையில்லை. காய்ச்சினாலும் போகாது. ஆவி போகப் போக மிச்சத் தண்ணீரில் இன்னும் கூடத்தான் செய்யும். சளி பிடிக்கக் கூடாது என்று நான் பத்து நிமிடம் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுத்த தண்ணீரை இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

கேன் தண்ணீர் வாங்கலாமே என்று கேட்பீர்கள். இப்போது குடிக்க வாங்குகிறோம். இருபது லிட்டர் கேன் 35 ரூபாய். ஆனால் சமையல் எல்லாம் குழாய்த் தண்ணீர்தான். எங்கள் வீட்டில் தினமும் ஒரு வேளை ராகிக் களி உண்டு. ஒரு படி மாவுக்கு எவ்வளவு தண்ணீர் கொதிக்க வைக்கிறோம் என்று களி கிண்டுகிறவர்களுக்குத் தெரியும். அத்தனையும் களிக்குள்ளேயே போகிறது, வடிப்பதற்கு ஒன்றுமில்லை. மகனுக்கு அங்கன்வாடியில் கொடுக்கிற சத்துமாவைக் கஞ்சி காய்ச்சினாலும் அப்படித்தான். குடிக்கிற தம்ளரை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

அங்கன்வாடியில் போய்ப் பார்த்தேன். டீச்சரும் ஆயாவும் பிள்ளைகளைத் தங்கம்போலப் பார்த்துக்கொள்கிறார்கள், அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மூலையில் மூடி போட்ட நீல டிரம். குழாயில் வந்த அன்று பிடித்து வைக்கிறார்கள். சாதத்துக்கும் சாம்பாருக்கும் குடிப்பதற்கும் அதுதான். எந்தத் தண்ணீர் என்று ஆயாவிடம் கேட்டேன். "எனக்கெப்படிம்மா தெரியும், வந்ததைப் பிடிக்கிறேன்" என்றார். நானும் வீட்டில் அதைத்தானே செய்கிறேன்.

நான் கேட்பது இதுதான். தொட்டியில் ஏற்றுகிற ஒவ்வொரு முறையும் அது எந்தத் தண்ணீர் என்று எங்களுக்குச் சொல்லுங்கள். டேங்க் தூணில் ஒரு சிலேட்டுப் பலகை தொங்கவிட்டால் போதும். ஆறு, போர், கலப்பு என்று மூன்றில் ஒரு சொல்லை அண்ணன் எழுதட்டும். ஊர் வாட்ஸ்அப் குழுவில் கோயில் வரி, கரண்ட் கட் எல்லாம் வருகிறது. அதில் இந்த ஒரு சொல்லும் வரட்டும். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். ஆற்றுத் தண்ணீர் வந்த நாளில் பிள்ளைக்கென்று தனியாகப் பிடித்து மூடி வைப்போம். போர் தண்ணீரைத் துணிக்கும் பாத்திரத்துக்கும் மாட்டுக்கும் வைத்துக்கொள்வோம். இரண்டு வயதுப் பிள்ளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு லிட்டர் ஆகுமா? அடுத்த முறை குழாய் திறக்கும்வரை ஒரு குடம் தாராளம். ஊர் முழுவதற்கும் ஆற்றுத் தண்ணீர் போதாத நாளிலும் அந்த ஒரு குடம் இருக்கும்.

அங்கன்வாடிக்கும் தொடக்கப் பள்ளிக்கும் அப்படி விட்டுவிட முடியாது. பள்ளியில் இப்போது காலை உணவும் மதிய உணவும் ஆகிறது. அதாவது மகள் சாப்பிடுகிற மூன்று வேளையில் இரண்டு வேளை அங்கே. இந்த இரண்டு இடத்துக்கும் போர் கலக்காத தனிக் குழாயோ, ஒகேனக்கல் லைனிலிருந்து நேராக நிரம்புகிற சின்ன சின்டெக்ஸோ வேண்டும். லைனிலிருந்து தொட்டிக்கு ஏறும் இடம் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது, நீங்கள் வந்து பார்த்தால் தெரியும். குழாய் போடும்வரை, ஆற்றுத் தண்ணீர் வருகிற நாளில் முதல் அரை மணி நேரம் அந்த இரண்டு டிரம்முக்கு மட்டும் விடுங்கள். தெருவுக்கு அரை மணி தாமதமாக வந்தால் ஒருவரும் சண்டைக்கு வராமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. இருபது, இருபத்தைந்து அம்மாக்களிடம் பேசிவிட்டேன்.

பரிசோதனையைப் பற்றியும் ஒன்று. தண்ணீரில் சில சொட்டு மருந்து விட்டு, மாறும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கிற பெட்டி ஒன்று இருக்கிறது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு அதில் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் அந்தப் பெட்டியை நான் பார்த்ததில்லை. கொடுங்கள், நான் முதல் ஆளாக வருகிறேன். வாரம் ஒரு முறை அங்கன்வாடி டிரம்மில் எடுத்துப் பார்த்து, வந்த அளவை அங்கன்வாடிச் சுவரில் எழுதி வைக்கிறோம். லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்று இந்திய தர நிர்ணயம் சொல்கிறது. அந்த இரண்டு எண்ணையும் பக்கத்திலேயே எழுதிவிட்டால் படிக்கத் தெரிந்த யாரும் புரிந்துகொள்வார்கள்.

ஒகேனக்கல் இரண்டாம் கட்டத் திட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறார்கள். வரட்டும், நல்லது. ஆனால் அது வந்து சேர்வதற்குள் என் மகனுக்கு ஐந்து வயது தாண்டிவிடும். அவனுடைய முன்பல் இந்த மாதம், அடுத்த மாதம் என்று உருவாகிக்கொண்டிருக்கிறது. அங்கன்வாடியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற மற்ற பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

நாளை மறுநாள் காலை ஆறு மணிக்கு அடுத்த தண்ணீர். சிலேட்டும் சாக்பீஸும் நானே வாங்கி வைத்திருக்கிறேன். அண்ணா, சாயங்காலம் கொண்டுவந்து கொடுக்கிறேன், தூணில் எந்தப் பக்கம் மாட்டலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் அம்மா,
தர்மபுரி மாவட்டம்