பழைய இஞ்சினைக் கழற்ற முதல் கொம்பிரசன் பார்ப்போம்

அன்பான சம்மாட்டிமாருக்கும், தொழிலுக்குப் போகிற அண்ணைமார் தம்பிமாருக்கும் வணக்கம்.

இனிமேல் எங்கள் கராஜுக்கு எந்தப் பழைய படகு இஞ்சின் வந்தாலும், ஒரு ஆணியைக் கழற்ற முதல் கொம்பிரசன் பார்ப்போம். ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு காட்டியது என்பதை ஒரு துண்டில் எழுதி உங்கள் கையில் தருவோம். என்ன வேலை, என்ன சாமான் என்ற கதையெல்லாம் அதற்குப் பிறகுதான். "இஞ்சின் இழுக்குதில்லை, ரிங்கை (பிஸ்டனைச் சுற்றியிருக்கிற வளையத்தை) மாத்தித் தாங்கோ" என்று அவசரமாக வருகிறவர்களுக்கு இது மினக்கேடாகத் தெரியும். அதனால்தான் காரணத்தை விளக்கமாக எழுதுகிறோம்.

பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் இருக்கிற காற்றையும் எண்ணெயையும் எவ்வளவு நெருக்குகிறது என்பதுதான் கொம்பிரசன். நெருக்கம் குறைந்தால் வெடியில் பலம் இருக்காது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் விட்டுப்போகும். ஸ்டார்ட் வந்தாலும் வலையும் ஆளும் ஏறியதும் படகு எழும்பாது, எண்ணெயை மட்டும் குடிக்கும். 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். கொஞ்சம் கூடக் குடித்தால் குடிக்கட்டும் என்று விட்டிருந்த இஞ்சின்களை அதற்குப் பிறகு அப்படி விட முடியவில்லை.

பார்க்கிற முறை பெரிய வித்தை இல்லை. ஆனால் ஒழுங்காகப் பார்க்காவிட்டால் வருகிற கணக்கை நம்ப முடியாது. முதலில் இஞ்சினை நல்ல தண்ணீர்ப் பரலில் வைத்து, பக்கத்தால் பீச்சுகிற தண்ணீர் இளஞ்சூடாகும் வரை ஓட விடுவோம். பிறகு நிறுத்தி, பிளக்கைச் சுற்றியிருக்கிற மண்ணையும் உப்பையும் காற்றால் ஊதி எடுப்போம். அந்த மண் கொஞ்சம் உள்ளே விழுந்தாலும் சிலிண்டரைக் கீறிவிடும். பிளக் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றினால் மற்றச் சிலிண்டர் நெருக்கிக்கொண்டு நிற்கும், கயிற்றை ஒரே வேகத்தில் இழுக்க முடியாது.

அப்புறம் பிளக் வயர்களை இஞ்சினின் வெறும் இரும்போடு கவ்வி விட வேண்டும். வீட்டில் தாங்களே பார்க்கிறவர்களில் நிறையப் பேர் விட்டுவிடுகிற காரியம் இதுதான், தயவுசெய்து விடாதீர்கள். பொறி போக வழியில்லாவிட்டால் சிடிஐ (பிளக்குக்குப் பொறி கொடுக்கிற மின் பெட்டி) பழுதாகலாம். அதைவிட மோசம், பிளக் ஓட்டையால் பீச்சுகிற பெற்றோல் ஆவியில் பொறி பட்டால் முகத்துக்கு நேரே பற்றும்.

கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், காபரேட்டரில் காற்றை உள்ளே விடுகிற தட்டு முழுக்கத் திறந்திருக்க வேண்டும். பல இஞ்சின்களில் நியூட்ரலில் கைப்பிடியை எவ்வளவு முறுக்கினாலும் தட்டு முழுக்கத் திறக்காது. ஆகவே ஒருவர் தட்டைக் கையால் திறந்து பிடிக்க, மற்றவர் கயிற்றை இழுப்பார். பிளக் ஓட்டையில் பூட்டிய மானியின் (அமுக்கத்தைக் காட்டுகிற கருவியின்) முள்ளு இனி ஏறாது என்று நிற்கும் வரை, ஐந்தாறு இழுவை. எல்லாச் சிலிண்டருக்கும் அதே ஆள், அதே பலம், அதே மானி. ஆள் மாறினாலும் மானி மாறினாலும் கணக்கு மாறும்.

எத்தனை காட்டினால் நல்லது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இரு-ஸ்ட்ரோக் பெற்றோல் இஞ்சின்களில் பெரும்பாலும் 90 முதல் 130 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்கிற அமுக்க அளவு) வரை வரும். சதுர சென்ரிமீற்றருக்கு இத்தனை கிலோ என்று காட்டுகிற மானி என்றால் 100 பிஎஸ்ஐ ஏறக்குறைய 7. மண்ணெண்ணெய்க்கென்றே செய்த இஞ்சின் இதைவிடக் குறைவாகத்தான் காட்டும், ஏனென்றால் அதிகம் நெருக்கினால் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்பே வெடித்துத் தட்டும். அதனால் கம்பனியே நெருக்கத்தைக் குறைத்துத்தான் செய்திருக்கிறது. பக்கத்து வாடிக்காரரின் பெற்றோல் இஞ்சின் 120 காட்டியதாம் என்று உங்கள் மண்ணெண்ணெய் இஞ்சினை வைத்துக் கவலைப்பட வேண்டாம். நான்கு-ஸ்ட்ரோக் இஞ்சின் சிலவற்றில், கயிற்றை லேசாக இழுப்பதற்காக நெருக்கத்தைக் கொஞ்சம் வெளியே விடுகிற அமைப்பு உள்ளேயே இருக்கும். அவற்றுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது.

நாங்கள் முதலில் பார்ப்பது ஒரே இஞ்சினின் சிலிண்டர்களுக்கு இடையில் உள்ள வித்தியாசத்தைத்தான். 110, 105 என்று வந்தால் நிம்மதி. வித்தியாசம் 15 வீதத்தைத் தாண்டினால் உள்ளே ஏதோ இருக்கிறது. அளம்பில் பக்கத்திலிருந்து வந்த 15 குதிரை இஞ்சின் ஒன்று மேல் சிலிண்டரில் 112 காட்டியது, கீழ்ச் சிலிண்டரில் 78. கீழே முதல் இழுவையில் முள்ளு 40க்கு வந்து, பிறகு மெல்ல மெல்லத்தான் ஏறியது. அப்படி ஏறினால் பெரும்பாலும் ரிங்தான். புகை போகிற பக்கத்து மூடியைக் கழற்றி லைற் அடித்துப் பார்த்தோம். மேல் ரிங் பிஸ்டனின் காடிக்குள் கறுத்த கார்பனில் இறுகிக் கிடந்தது. நல்ல ரிங்கைத் தடியால் அமத்தினால் உள்ளே போய்த் துள்ளி வெளியே வர வேண்டும். இது அசையவே இல்லை. ஹெட்டை (சிலிண்டரின் மூடியை) கழற்றிச் சிலிண்டர் சுவரில் நகத்தை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தால் எங்கும் தட்டுப்படவில்லை. ஆகவே காடியைச் சுத்தம் செய்து புது ரிங் போட்டதோடு வேலை முடிந்தது. நகம் தட்டுப்பட்டிருந்தால் சிலிண்டரைக் கடைந்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் பெரிய பிஸ்டன் போட வேண்டியிருக்கும். அந்தச் செலவு வேறு.

ரிங் இப்படி இறுகுவதற்கு எங்கள் கடற்கரையில் இரண்டு பழக்கங்கள் காரணம். வலை வாங்கும்போது மணிக்கணக்காக இஞ்சினை மெதுவாக ஓட விடுவது ஒன்று. கரைக்கு வந்ததும் மண்ணெண்ணெயிலேயே நிறுத்துவது மற்றது. கரை நெருங்கும்போது பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓடிய பிறகு நிறுத்துங்கள். ஓயில் கலவையிலும் கண்ணாக இருங்கள். கையேட்டில் 50க்கு 1 என்று இருந்தால், 20 லீற்றருக்கு 400 மில்லிலீற்றர். கண்மதிப்பில் ஊற்ற வேண்டாம்.

பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால், ரிங்கை விட முதலில் ஹெட்டுக்குக் கீழே காற்றுப் போகாமல் அடைக்கிற ஹெட் காஸ்கட்டைத்தான் சந்தேகப்படுவோம். ஒரு சிலிண்டர் மட்டும் அளவுக்கு மிஞ்சிக் காட்டினால் பிஸ்டன் தலையில் கார்பன் ஏறியிருக்கலாம். கூடியிருக்கிறதே என்று சந்தோசப்படக் கூடாது.

கொம்பிரசன் நன்றாக இருந்தும் இழுக்காத இஞ்சினும் உண்டு. அதற்கு ரிங் போட்டால் காசு தண்ணீரில்தான். காற்றும் எண்ணெயும் உள்ளே போகிற வழியில் உள்ள ரீட் வால்வின் தகடு விளிம்பில் உடைந்திருக்கலாம், கிராங் தண்டைச் சுற்றி அடைக்கிற சீல் காற்று இழுக்கலாம், எண்ணெய்ப் பம்பின் தோல் கிழிந்திருக்கலாம். இவை எதையும் மானி காட்டாது. ஆனால் ரிங்கும் பிஸ்டனும் நல்லது என்று மானி சொன்னால், தேட வேண்டிய இடம் அரைவாசியாகக் குறைந்துவிடும். இந்தச் சோதனையில் நாங்கள் நம்பிக்கை வைக்க முக்கிய காரணமே இதுதான். தேவையில்லாத சாமானுக்கு உங்கள் காசு போகாது.

பழைய இஞ்சின் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளக் ஓட்டையால் கொஞ்சம் ஓயிலை ஊற்றிவிட்டால், தேய்ந்த ரிங்கும் சிறிது நேரத்துக்கு நல்ல கணக்குக் காட்டும். பிளக்கைக் கழற்றும்போது நுனி ஓயிலில் குளித்து வந்தால், இஞ்சினை நன்றாக ஓட விட்டு, புகை அடங்கிய பிறகு திரும்பப் பாருங்கள். விற்கிறவர் ஓட விட மறுத்தால் வாங்க வேண்டாம்.

நாங்கள் எழுதித் தருகிற துண்டைப் படகுப் பதிவுப் பத்திரத்தோடு வைத்திருங்கள். போன வருடம் 110, 108 காட்டிய இஞ்சின் இந்த வருடம் 108, 95 காட்டினால், ஓட்டத்தில் எந்தக் குறையும் தெரியாதபோதே ஒரு சிலிண்டர் விழத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ரிங்கோடு போகிற வேலை அது. நடுக்கடலில் இறுகி நின்றால் ரிங்கோடு போகாது.

ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்கடல் பெருக்கும்போது கொக்கிளாயிலிருந்து மாத்தளன் வரை படகுகள் கரையில் கிடக்கும். இஞ்சினைக் கொண்டுவர அதுதான் நல்ல நேரம், தொழில் நாள் வீணாகாது. வேலையை எங்களிடம் தருகிறவர்களிடம் கொம்பிரசன் பார்ப்பதற்குத் தனிக் காசு வாங்க மாட்டோம். வரும்போது எண்ணெய்த் தாங்கியையும் குழாயையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள், பரலில் ஓட்டிச் சூடாக்க அவை வேண்டும். வருகிற வழியில் புதுப் பிளக் வாங்கிப் போட்டுக்கொண்டு வர வேண்டாம். பழைய பிளக்கின் நிறத்தையும் நாங்கள் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் படகு இஞ்சின் கராஜ்,
முல்லைத்தீவு.