லென்ஸையும் கேமரா பாடியையும் சேர்த்துச் சரிசெய்து தாருங்கள்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: உத்தரவாதக் காலத்தில் உள்ள லென்ஸின் ஃபோகஸ் பிழையைச் சரிசெய்ய மறுத்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உங்கள் நிறுவனத்தின் ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் பாடியையும் (லென்ஸ் நீங்கலான கேமரா) 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸையும் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிது) நாகர்கோவிலில் உங்கள் அங்கீகாரம் பெற்ற கடையில் பில் போட்டு வாங்கினேன். இரண்டுக்கும் உத்தரவாதம் இன்னும் முடியவில்லை. ஆளின் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் மூக்கு நுனிதான் தெளிவாக விழுகிறது, கண் மங்கிவிடுகிறது. இதைச் சொல்லி இரண்டையும் சேர்த்தே சென்னை சேவை மையத்துக்கு அனுப்பினேன். லென்ஸில் குறையில்லை, பாடியிலும் குறையில்லை, இவ்வளவு நல்ல லென்ஸுக்கு இந்த பாடி போதாது, மேல்நிலை பாடி வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுதி, எதையும் தொடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இந்தப் பதில் தவறு.

அனுப்பும் முன்பே நான் சோதித்துப் பார்த்திருந்தேன். டிரைபாட் முக்காலியில் கேமராவை நிறுத்தி, சாய்த்து வைத்த அளவுகோலின் நடுக்கோட்டில் ஃபோகஸ் வைத்தேன். லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையைப் பார்த்து, எடுத்த படத்தில் அந்தக் கோடே பளிச்சென்று இருக்கிறது. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாக எடுத்ததில் தெளிவு ஏறத்தாழ 3 செ.மீ. முன்னால் விழுகிறது. அதே லென்ஸ், அதே பாடி, அதே வெளிச்சம். லைவ் வியூவில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் பார்க்கிறது. வியூஃபைண்டரில் பார்க்கும்போது, கேமராவுக்குள் இருக்கும் பெரிய கண்ணாடிக்குப் பின்னுள்ள சிறு கண்ணாடி வழியே ஒளி கீழே இறங்கி, அங்குள்ள தனி ஃபோகஸ் சென்சாருக்குப் போகிறது. அந்தச் சென்சாரின் கணக்கும் லென்ஸின் நகர்வும் ஒத்துப்போகாவிட்டால் இப்படித்தான் ஆகும். பாடி போதாததுதான் காரணம் என்றால் லைவ் வியூ படமும் மங்கியிருக்க வேண்டுமே? இது அளவீட்டுப் பிழை. உங்கள் பட்டறையில் சரிசெய்யக்கூடியது.

பாடியோடு சேர்த்துத் தரும் கிட் லென்ஸில் இந்தக் குறை தெரியாமல் போனதற்கும் காரணம் இருக்கிறது. 55 மி.மீ., எஃப்/5.6-இல் 2 மீட்டர் தூரத்தில் நிற்பவரை எடுத்தால் சுமார் 30 செ.மீ. ஆழம் வரை தெளிவாக இருக்கும். 85 மி.மீ., எஃப்/1.8-இல் அதே தூரத்துக்குக் கிடைப்பது 4 செ.மீ. அளவுதான். முன்பு மறைந்திருந்த பிழையை நல்ல லென்ஸ் வெளியே காட்டியிருக்கிறது. அதற்காக லென்ஸ் பாடிக்கு மீறியது என்று சொல்வது எந்த விதத்தில் நியாயம்?

மேல்நிலை பாடிகளில் ஃபோகஸை நுணுக்கமாகத் திருத்த மெனுவிலேயே வசதி வைத்திருக்கிறீர்கள். என் பாடியில் அது இல்லை. சரி, விலைக்கேற்ற வசதி, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் வாடிக்கையாளர் தானே செய்துகொள்ள வழி வைக்காதபோது அந்த வேலையைச் சேவை மையம்தான் செய்ய வேண்டும். இந்த லென்ஸ் என் பாடியோடு வேலை செய்யும் என்று உங்கள் பட்டியலிலேயே போட்டிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் பணம் கொடுத்தேன்.

எங்களைப் போன்றவர்கள் பாடியை மாற்றாமல் முதலில் நல்ல லென்ஸ் வாங்குவது யோசித்துச் செய்யும் காரியம். பாடி சில வருடங்களில் பழசாகிவிடும், நல்ல லென்ஸ் அடுத்த பாடிக்கும் வரும். தோவாளைப் பூச்சந்தையில் விடியுமுன் பல்பு வெளிச்சத்தில் எடுக்கிறேன். எஃப்/5.6-ஐவிட எஃப்/1.8-இல் ஏறத்தாழ 10 மடங்கு ஒளி உள்ளே வருகிறது. ஒளிக்கு கேமரா காட்டும் உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 6400 வைக்க வேண்டிய இடத்தில் 640 போதும். உணர்திறனைக் கூட்டினால் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் அதிகம் வரும் ஆரம்பநிலை பாடிக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. மாணிக்க மாலை கட்டுபவர்களின் விரல்களையும், மடித்த ஒவ்வொரு அரளி இதழையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த லென்ஸுக்குப் பணம் சேர்த்தேன். அந்த வேலை நடக்கும் வேகத்துக்கு லைவ் வியூ ஈடுகொடுப்பதில்லை. தேவாலயத்தில் ஞானஸ்நானத்தைப் படமெடுக்கக் கூப்பிடுகிறார்கள். குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றும் நொடி ஒருமுறைதான் வரும். கண் மங்கிய படத்தை அந்தப் பெற்றோரிடம் கொடுக்க என்னால் முடியாது.

கடல் காற்றால் கெட்டிருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஈரமோ உப்போ அடிபட்ட தடமோ இல்லை என்று உங்கள் மையத்தின் அறிக்கையிலேயே இருக்கிறது.

நான் கேட்பது இதுதான். லென்ஸையும் பாடியையும் ஒன்றாக வைத்து, கட்டணமின்றி ஃபோகஸைச் சரிசெய்து தர வேண்டும். சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த சோதனைப் படங்களை எழுத்துப்பூர்வமான அறிக்கையோடு தர வேண்டும். முதல் முறை வேலை பார்க்காமலே திருப்பிவிட்டதால், தக்கலையிலிருந்து சென்னைக்கு அனுப்பிய கூரியர் செலவையும் நிறுவனமே ஏற்க வேண்டும். சேர்த்துச் சரிசெய்த பிறகும் பிழை தீராவிட்டால், குறையுள்ள பொருளை மாற்றித் தர வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டால், நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இடம் தருவதால், சேவைக் குறைபாடு என்று நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். அதுவரை போகாமல் உங்கள் பட்டறையிலேயே இது முடிய வேண்டும் என்பதுதான் என் விருப்பம். உங்கள் லென்ஸ் நல்ல லென்ஸ். லைவ் வியூவில் அது தரும் படத்தைப் பார்த்த பிறகு, வேறு நிறுவனத்துக்கு மாற எனக்கு மனமில்லை.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: இரண்டு பில்களின் நகல், சேவை மைய அறிக்கையின் நகல், கூரியர் ரசீது, அளவுகோல் சோதனைப் படங்கள்.