நுண்துளை வெள்ளி: உறைய வைப்பதில்தான் சூட்சுமம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அலுமினியம்–வெள்ளிக் கலவையிலிருந்து அலுமினியத்தைக் கரைத்துவிட்டால், பஞ்சு போல நுண்ணிய துளைகள் நிறைந்த நுண்துளை வெள்ளி கிடைக்கும் என்று உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்திருந்தது. கரைப்பது கடைசி வேலை. துளைகள் சீராக அமையுமா என்பது, கலவை உறையும் மில்லி விநாடிகளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

இரண்டையும் சம எடையில் எடுத்தால் கலவையில் வெள்ளி 20 அணு விழுக்காடு, அதாவது நூறு அணுக்களில் இருபது; கீழே வரும் விழுக்காடும் இதே கணக்குதான். 567 டிகிரி செல்சியஸில் திட அலுமினியம் ஏறத்தாழ 23 விழுக்காடு வரை வெள்ளியைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். அறை வெப்பநிலையில் ஒரு விழுக்காடுகூடத் தாங்காது. அச்சில் ஊற்றி மெல்ல ஆறவிட்டால், மிகுதி வெள்ளி இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அலுமினியத்தோடு சேர்ந்து தடித்த தகடுகளாகப் பிரியும். அந்தச் சேர்மம் எளிதில் அரிபடாது. அலுமினியம் மிகுந்த இடங்கள் சீக்கிரம் கரைந்து பெரும் பொந்தாகிவிட, தகடுகள் அப்படியே நிற்கும். கையில் எடுத்தால் உதிரும்.

வேகமாகச் சுழலும் செம்புச் சக்கரத்தின் மேல், எதனோடும் வினைபுரியாத ஆர்கான் வாயுச் சூழலில் உருகிய கலவையைப் பீய்ச்சினால் 20 முதல் 50 மைக்ரான் தடிமனில் ரிப்பன் வரும். குளிர்வு விநாடிக்கு லட்சம் முதல் பத்து லட்சம் டிகிரி. அப்போதும் அந்தச் சேர்மம் முழுக்கத் தவிர்ந்துவிடாது. ஆனால் பொடியாகப் பரவி நிற்கும். அது போதும்.

உருக்கும்போது முதலில் அலுமினியம், பிறகு சிறு துண்டுகளாக வெள்ளி. வெள்ளியின் உருகுநிலையான 962 டிகிரி வரை ஏற்ற வேண்டியதே இல்லை. உருகிய அலுமினியம் அதைக் கரைத்துக்கொள்ளும். வீணாகச் சூடேற்றினால் அலுமினியம், உருக்கும் குவார்ட்ஸ் குழாயைத் தின்று சிலிக்கானைக் கலவைக்குள் இழுத்துவிடும். குழாயின் உட்புறம் போரான் நைட்ரைடு பூச்சு நல்லது.

10 கிராம் ரிப்பனில் 5 கிராம் அலுமினியம். அதைக் கரைக்கும் வினைக்குத் தேவையான காஸ்டிக் சோடா 7.4 கிராம்தான், 200 மில்லி நீரில் 20 கிராம் கரைத்து வைப்பது பாதுகாப்பான மிகுதி. வெளிவரும் ஹைட்ரஜன் ஏறக்குறைய 7 லிட்டர்! கல்லூரி ஆய்வகங்களில் முயல்வோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: புகைப்போக்கி அறையில், ஐஸ் தொட்டியில், சிறிது சிறிதாகத்தான் போட வேண்டும், அருகில் தீப்பொறி கூடாது. குளிர்ச்சி பாதுகாப்புக்கு மட்டுமல்ல. சூடேறினால் வெள்ளி அணுக்கள் நகர்ந்து, துளைகளுக்கு இடையே உள்ள வெள்ளி இழைகள் பருத்துவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தாலும் அரிக்கலாம். குளோரைடு அந்த நகர்வைத் தூண்டுவதால் இழை தடிக்கும். நைட்ரிக் அமிலம் வெள்ளியையே கரைத்துவிடும்.

குமிழி நின்றதும் வேலை முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். புதிய கரைசலில் மறுபடி ஊறவைத்து, படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே விளிம்பு வளைவுச் சோதனையில் அந்த வெள்ளி–அலுமினியச் சேர்மத்தின் கோடுகள் மறைந்தனவா என்று பாருங்கள். கழுவும்போதுதான் பலர் கெடுத்துவிடுகிறார்கள். நேரே தண்ணீரில் போட்டால், கரைந்த அலுமினியம் சோடாவோடு சேர்ந்து உண்டான அலுமினேட் உப்பு சிதைந்து வெள்ளைக் கூழ் துளைகளை அடைக்கும். முதலில் நீர்த்த காஸ்டிக் சோடாவில் அலசி, பிறகு காய்ச்சி வடித்த நீர், கடைசியில் எத்தனால். குழாய்த் தண்ணீர் ஆகாது. அதிலுள்ள குளோரைடு வெள்ளியின் மேல் படியக்கூடும்.

இவ்வளவு பாடும் வீணில்லை. அமெரிக்காவின் டெலாவேர் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெள்ளி–அலுமினியக் கலவையை அரித்துப் பெற்ற நுண்துளை வெள்ளிதான், கார்பன் டை ஆக்சைடை 92 விழுக்காடு தேர்திறனுடன் (வேண்டாத விளைபொருள்கள் குறைவாக) கார்பன் மோனாக்சைடாக மாற்றியது. இனி இத்தகைய செய்முறை வெளியிடும்போது ரிப்பனின் தடிமனையும் ஹைட்ரஜன் அளவையும் சேர்த்தே அச்சிடுங்கள்.

— உலோகவியல் வாசகர்கள்