கில்ன் ஐந்து மணிக்கு அணையாது: கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். இறுதியாண்டு நுண்கலை மாணவிகளில் ஒருத்தி எழுதுகிறேன். ஸ்டூடியோக்களை மாலை ஐந்து மணிக்குப் பூட்ட வேண்டும், சனி ஞாயிறுகளில் திறக்கவே கூடாது என்ற சுற்றறிக்கையைப் பற்றித்தான். பின்னணியை நான் விளக்க வேண்டியதில்லை, கையெழுத்து உங்களுடையது. நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனுவும் உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது. கேட்கும்போதெல்லாம் பரிசீலனையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். பரிசீலனை முடிவதற்குள் கண்காட்சியே முடிந்துவிடும் போலிருப்பதால் எல்லோரும் பார்க்கும்படி எழுத வேண்டியதாயிற்று.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இறுதியாண்டுக் கண்காட்சி முடியும்வரை ஸ்டூடியோக்களை இரவு பத்து மணிவரை திறந்து வையுங்கள், வார இறுதியிலும் திறந்து வையுங்கள். கில்ன் (மண் உருவங்களைச் சுடும் சூளை) எரியும் இரவுகளில் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளைப் போடுங்கள்.

போன வாரம் செராமிக்ஸ் கில்னுக்குள் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். 'ஒரு மாணவரின் படைப்பு சேதமடைந்தது' என்று ஒரே வரியில் வந்திருக்கும். அந்த வரிக்குள் இருப்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடைந்தது என் வகுப்புத் தோழன் செய்த சிலை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மூதாட்டி. மண்ணைக் கயிறு மாதிரி உருட்டி, சுற்றுச் சுற்றாக அடுக்கி, உள்ளே கூடாக விட்டுக் கட்டியது. இந்த முறையில் ஒரே மூச்சில் மேலே ஏறிவிட முடியாது. கீழ்ச்சுற்று கொஞ்சம் இறுகினால்தான் மேல்சுற்றைத் தாங்கும். அதிகம் இறுகிவிட்டாலோ அடுத்தது ஒட்டாது. அதனால் தினமும் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, பிரித்து, ஓரங்களில் ஈரத்துணி சுற்றி, மறுபடி போர்த்தி, அதன் கூடவே இருக்க வேண்டும். ஒரு செமஸ்டர் முழுக்க அவன் அப்படித்தான் இருந்தான்.

கட்டி முடித்த பிறகு உலர்த்துவது அதைவிடச் சிக்கல். விரல், காது, சேலை மடிப்பு எல்லாம் சீக்கிரம் காய்ந்து சுருங்கும். தடித்த அடிப்பாகம் ஈரமாகவே நிற்கும். சுருக்கம் ஒரே சீராக இல்லாவிட்டால் விரிசல் விழும். மெல்லிய இடங்களை மூடி, தடித்த இடங்களைத் திறந்து, அவ்வப்போது திருப்பி வைத்துத்தான் காயவிட வேண்டும். இதைச் சனிக்கிழமை யார் செய்வது? ஞாயிற்றுக்கிழமை யார் செய்வது? பூட்டிய ஸ்டூடியோவின் ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

மண் முழுக்கக் காய்ந்ததா என்று அறிய நாங்கள் அதில் கன்னத்தை வைத்துப் பார்ப்போம். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். மூதாட்டியின் அடிப்பாகம் சில்லென்றுதான் இருந்தது. அதற்கும் வழி உண்டு. முதல் நாள் இரவு முழுக்கக் கில்னை நூறு டிகிரிக்குக் கீழேயே வைத்திருந்தால் மிச்ச ஈரம் மெல்ல வெளியே போய்விடும். மறுநாள் நிதானமாகச் சூட்டை ஏற்ற வேண்டும். 573 டிகிரியில் மண்ணிலிருக்கும் குவார்ட்ஸ் சட்டென்று விரியும் என்பதால் அந்த இடத்தை அவசரமில்லாமல் தாண்ட வேண்டும். அப்புறம் ஏறக்குறைய ஆயிரம் டிகிரிவரை போய் நிறுத்தினால், ஆறுவதற்கு இன்னோர் இரவு. நன்றாக ஆறும்வரை கதவைத் திறக்கக் கூடாது. தடித்த சுடுமண் உருவங்களை இதைவிட வேகமாகச் சுடுவதற்கு யாரும் குறுக்குவழி கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

உங்கள் சுற்றறிக்கை கண்டுபிடித்திருக்கிறது. காலை ஒன்பதுக்குப் போடு, மாலை ஐந்துக்கு அணை. ஆள் இல்லாமல் கில்ன் எரியக் கூடாது, ஆளுக்கும் ஐந்துக்கு மேல் அனுமதி இல்லை. லேப் உதவியாளர் என்ன செய்வார்? முந்தைய இரவு சூடு வைக்க முடியாது. மெதுவாக ஏற்றினால் ஐந்து மணிக்குள் பாதி தூரம்கூடப் போகாது. அன்றைய முறையை விட்டால் கண்காட்சிக்கு முன்னால் அவனுக்கு வேறு முறையும் இல்லை, ஏனென்றால் இரவுகள் போய்விட்டதால் கில்ன் பட்டியலும் பாதியாகச் சுருங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் வேகமாக ஏற்றினார்கள். தண்ணீர் ஆவியாக மாறும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு இடம் கேட்கும். இரண்டு விரல் தடிமன் மண்ணுக்குள் அந்த இடத்துக்கு எங்கே போவது? மதியத்துக்கு முன்பே உள்ளே வெடிக்கும் சத்தம் கேட்டுவிட்டது. மறுநாள் திறந்தபோது மூதாட்டியின் முகம் மட்டும் ஒரு பக்கமாகக் கிடந்தது. தெறித்த சில்லுகள் அதே கில்னில் இருந்த இரண்டாமாண்டு மாணவர்களின் பானைகளையும் உடைத்திருந்தன. சூடேற்றும் கம்பிகளின் பள்ளத்துக்குள் போன துண்டுகளை உதவியாளர் இன்னமும் குறடு வைத்து எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த உதவியாளரிடம் நீங்கள் விளக்கம் கேட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். விளக்கத்தை அவரிடம் கேட்பது நியாயமில்லை ஐயா.

மாணவர் கூட்டத்தில் நிர்வாகத் தரப்பிலிருந்து ஒருவர், "திட்டமிட்டு வேலை செய்தால் பகல் நேரம் போதும்" என்றார். சரி, பகல் நேரத்தைத்தான் பார்ப்போமே. காலையில் கலை வரலாறு, அழகியல் வகுப்புகள். வருகைப் பதிவு குறைந்தால் கண்காட்சியில் பங்கேற்கவே முடியாது. மதியம் அதே ஸ்டூடியோவில் கீழ் ஆண்டு மாணவர்களின் செய்முறை வகுப்பு. நாங்கள் ஓவியத் தாங்கியையும் பீடத்தையும் சுவரோரம் தள்ளிவிட்டு வெளியே நிற்கிறோம். அது முடியும்போது மணி நான்கு. தட்டில் வண்ணத்தைப் பிழிந்து, தூரிகையை எடுத்து, நேற்று எங்கே விட்டோம் என்று கண் பழகுவதற்குள் வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு வந்துவிடுகிறார். அவர் நல்ல மனிதர். விளக்கை அணைப்பதற்கு முன் எப்போதும் மன்னிப்புக் கேட்கிறார்.

பொருட்களுக்கும் உங்கள் நேர அட்டவணை தெரியாது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தண்ணீரில் கலந்துவிட்டால் அரை மணி நேரத்துக்குள் இறுகிவிடும், 'மீதி நாளைக்கு' என்று அதனிடம் சொல்ல முடியாது. எண்ணெய் வண்ணமோ நேர்மாறு. அது தண்ணீர் வற்றுவதுபோல் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்ஸிஜனை இழுத்து மெல்ல மெல்ல இறுகுகிறது. அடிப்பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே சில நாட்கள் ஆகும், சில வெள்ளை வண்ணங்களுக்கு அதற்கும் மேல். அது தயாராகும் நேரம் இரவு எட்டு என்றால் எட்டு மணிக்கு அதன் முன்னால் ஆள் இருக்க வேண்டும்.

"வசதி இல்லாத காலத்திலும் பெரிய கலைஞர்கள் வந்தார்கள்" என்றும் அதே கூட்டத்தில் சொல்லப்பட்டது. வந்தார்கள்தான். மைக்கலாஞ்சலோ முதிய வயதில் இரவு வேலைக்காகக் காகிதத் தொப்பி செய்து, அதன் உச்சியில் மெழுகுவர்த்தியைச் செருகிக்கொண்டு சிற்பம் செதுக்கினார் என்று அவர் காலத்தில் அவரை நன்கு அறிந்தவர் எழுதி வைத்திருக்கிறார். நாங்களும் தொப்பிக்குத் தயார். அவருடைய பட்டறையை யாரும் ஐந்து மணிக்குப் பூட்டவில்லை என்பதை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள்.

சுற்றறிக்கை சொல்லும் காரணம் தீப் பாதுகாப்பு. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணிகளைக் குவித்துப் போட்டால் யாரும் பற்றவைக்காமலே அவை தீப்பிடிக்கக்கூடும். வண்ணத்தை இளக்கும் டர்பன்டைனின் ஆவி 35 டிகிரி வாக்கிலேயே தீப்பொறி பட்டால் பற்றும். இதெல்லாம் எங்களுக்கு முதலாண்டிலேயே சொல்லிக் கொடுத்த பாடம். ஸ்டூடியோவில் அழுக்குத் துணி போட மூடியுள்ள இரும்புத் தொட்டி இருக்கிறது, காற்றை வெளியே தள்ளும் விசிறி இருக்கிறது, தீயணைப்பான் இருக்கிறது. கதவைப் பூட்டிய பிறகு நாங்கள் தூங்கப் போய்விடுகிறோம் என்றா நினைக்கிறீர்கள்? கேன்வாஸைத் தூக்கிக்கொண்டு விடுதி அறைக்குப் போகிறோம். அங்கே ஒரு ஜன்னல், மூன்று கட்டில்கள், கட்டிலுக்கு அடியில் பிளாஸ்டிக் பையில் எண்ணெய்த் துணிகள். அறைத்தோழி தலைவலி என்று போர்வையை மூக்குவரை இழுத்துக்கொள்கிறாள். உங்கள் உத்தரவு ஆபத்தைக் குறைக்கவில்லை. விதிமுறை உள்ள இடத்திலிருந்து எடுத்து, விதிமுறை இல்லாத இடத்தில் வைத்திருக்கிறது. வார்டன் கண்டுபிடித்தால் அதற்கும் ஒரு சுற்றறிக்கை வரும்.

மாணவிகளின் பாதுகாப்பு என்ற காரணமும் வாய்வழியாகச் சொல்லப்படுகிறது. எழுத்தில் இல்லை, அதனால் பதிலும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டூடியோவிலிருந்து விடுதிவரை உள்ள பாதையில் எரியாத விளக்குகளை எரிய வையுங்கள். எங்களைப் பூட்டி வைப்பதைவிட அது மலிவு.

இதோடு கண்காட்சிக் கூடத்தையும் சொல்லிவிடுகிறேன். திறப்பு விழாவுக்கு முந்தைய மாலைவரை அங்கே ஒரு கருத்தரங்கு என்று அறிகிறோம். ஒரு இரவில், அதுவும் ஐந்து மணிக்குள் முடியும் இரவில், முழு வகுப்பின் படைப்புகளையும் மாட்டி, நிறுத்தி, விளக்குத் திருப்பி முடிக்க வேண்டுமாம். ஆணி அடித்து மாட்டுவது கடைசி நேர எடுபிடி வேலை என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். 1832-இல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் ஓவியர் டர்னரின் சாம்பல் நிறக் கடற்காட்சிக்குப் பக்கத்தில் இன்னோர் ஓவியரான கான்ஸ்டபிளின் சிவப்பும் தங்கமுமாக மின்னும் ஓவியம் மாட்டப்பட்டது. டர்னர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தன் கடலின் நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனார். பிறகு வந்து அந்தப் பொட்டை ஒரு மிதவையாக்கினார். திறப்புக்கு முன்னால் கூடத்துக்குள்ளேயே நின்று படத்தைத் திருத்த அங்கே ஓவியர்களுக்கு நாட்கள் ஒதுக்கியிருந்தார்கள். பக்கத்துப் படம் எது, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று சுவரில் பார்த்த பிறகுதான் பாதி முடிவுகளை எடுக்க முடியும். வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள் சுவரில் இருப்பதற்குத்தான் மதிப்பெண் போடுவார்கள். கருத்தரங்குக்குப் போடுவதில்லை.

சேர்க்கைக் கையேட்டில் 'மாணவர்களின் படைப்பூக்கத்துக்கு எல்லையற்ற வெளி' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அட்டைப் படத்தில் இருப்பது இதே செராமிக்ஸ் ஸ்டூடியோ. படத்தில் வெளியே இருட்டு, உள்ளே விளக்கு எரிகிறது, ஒரு மாணவி பானை வனையும் சக்கரத்தின் முன் உட்கார்ந்திருக்கிறாள். புகைப்படக்காரருக்கு மட்டும் எந்த மணிக்கு அனுமதி கொடுத்தீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

கோபத்தில் பேச்சு நீண்டுவிட்டது, மன்னிக்கவும். நான் வந்தது கேலி பேச அல்ல. மூன்றாண்டு, நான்காண்டு படிப்புகளில் மற்றவர்களுக்கு விடைத்தாள் இருக்கிறது. எங்களுக்கு இந்த ஒரு கண்காட்சிதான். அதனால் மறுபடியும் அதையே கேட்கிறேன்: கண்காட்சி முடியும்வரை ஸ்டூடியோக்கள் இரவு பத்துவரை, வார இறுதி உட்பட, திறந்திருக்க வேண்டும். கில்ன் எரியும் இரவில் ஒரு ஆள் இருக்க வேண்டும். கூடம் திறப்புக்கு மூன்று நாட்கள் முன்பாவது எங்கள் கைக்கு வர வேண்டும்.

எங்கள் பக்கத்திலிருந்து என்ன செய்ய முடியும் என்பதையும் பேசி வைத்திருக்கிறோம். யாரும் தனியாக வேலை செய்ய மாட்டோம், குறைந்தது இரண்டு பேர் இருப்போம். உள்ளே வரும்போதும் போகும்போதும் பதிவேட்டில் கையெழுத்திடுவோம். எண்ணெய்த் துணித் தொட்டியையும் மெயின் ஸ்விட்சையும் சரிபார்த்துச் சாவியை வாட்ச்மேனிடம் ஒப்படைக்க தினமும் ஒருவர் பொறுப்பு. இரவுப் பணிக்கு உதவியாளருக்குக் கூடுதல் ஊதியமோ ஈடுசெய் விடுப்போ தர வேண்டும் என்பதும் எங்கள் வேண்டுகோளில் அடக்கம். அவரை இலவசமாக விழிக்க வைக்கச் சொல்லவில்லை.

என் தோழன் மறுபடி கட்ட ஆரம்பித்திருக்கிறான். இந்த முறை சிறியதாக, மார்பளவு மட்டும். அது காய்ந்து கில்னுக்குப் போக வேண்டிய நாளில் இரவில் கில்ன் எரியுமா, எரியாதா என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அடுத்த கில்ன் பட்டியலைத் திங்கட்கிழமை ஒட்டுகிறார்கள். அதற்கு முன்னால் ஆம் என்றோ இல்லை என்றோ எழுத்தில் ஒரு பதில் தாருங்கள். மாணவர் பிரதிநிதிகளைச் சந்திக்க நேரம் ஒதுக்கினால் எப்போது வேண்டுமானாலும் வருகிறோம், ஐந்து மணிக்கு முன்பே.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
இறுதியாண்டு மாணவி ஒருத்தி