மீனை அள்ளாம எடை பாக்க வழி வேணும்

ஆசிரியருக்கு வணக்கம்,

மண்டபம் பக்கம் கடல்ல கூண்டு போட்டு கடல் விரால் (கோபியா) மீன் வளர்க்குறவங்க அப்பப்போ கொஞ்சம் மீனை வலையில அள்ளி எடை போட்டு, அந்த சராசரியை கூண்டுல இருக்குற எண்ணிக்கையோட பெருக்கி மொத்தம் எத்தனை கிலோன்னு கணக்கு பாப்பாங்க, தினமும் எவ்வளவு தீவனம்ங்கிறதே அதை வச்சுதான். ஆனா அள்ளுறப்போ செதில் உதிருது, மேல இருக்குற வழவழப்பு போயிடுது, காயம் வழியா கிருமி நுழையுது, மிரண்ட மீன் ஒழுங்கா இரையும் எடுக்காது. பாவம் அதுங்க.

நார்வேல சால்மன் கூண்டுக்குள்ள ரெண்டு லென்ஸ் வச்ச கேமராவை இறக்கிடுறாங்க, நீந்திப் போற மீனோட நீளம் உயரம் ரெண்டையும் அளந்து அதுவே எடையை கணிச்சிடும், மீனை யாரும் தொட வேண்டாம். அங்க ஒரு கூண்டுல 2 லட்சம் மீன் வரைக்கும் விடலாம், கன மீட்டருக்கு 25 கிலோ தாண்டக்கூடாதுன்னு விதி, அதனால கணக்கு சரியா இருந்தே ஆகணும்.

நீளம் உயரத்தை வச்சு எடையை கணிக்க சால்மனுக்கு போட்ட ஃபார்முலா நம்ம கடல் விராலுக்கு ஒத்துவராது, உடம்பு வாகே வேற. தண்ணி கலங்குனா கேமராவும் திணறும். 2010ல கடல் விராலை இங்கயே முட்டையிட வச்சு குஞ்சு எடுத்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தோட மண்டபம் மையம் இதையும் கையில எடுக்கணும், மீனவர் குழுக்களுக்கு பொதுவா ஒரு கேமராவாவது வாடகைக்கு கிடைக்கணும். தனி ஆளா வாங்க யாராலயும் முடியாதுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ராமநாதபுரம்