இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைந்தது. விளையாட்டு விழா, குழந்தைகள் தின விழா, பேச்சுப் போட்டி என எல்லாவற்றிலும் நம் மாணவர்கள் சிறப்பாகப் பங்கேற்றார்கள். பரிசு பெற்றவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள். அரையாண்டு விடைத்தாள்கள் ஜனவரி முதல் வாரம் தரப்படும்.

ஒரு விஷயத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏழாம் வகுப்புக்கு அறிவியல் செயல்திட்டமாக ஹெர்பேரியம் (உலர்த்திய செடிகளின் தொகுப்பு) நோட்டு கொடுத்திருந்தோம். சொந்தத் தெருவில் வளரும் பத்துச் செடிகளின் இலைகளை உலர்த்தி ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். வந்தவற்றில் பாதிக்கு மேல் கடையில் வாங்கியவை. அச்சிட்ட பெயர்ச்சீட்டு, லேமினேட் செய்த தாள், எல்லா நோட்டிலும் அதே சில்வர் ஓக் இலை. அது மலைத் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் மரம். அதன் கீழே பிள்ளையின் கையெழுத்தில், ‘சேகரித்த இடம்: எங்கள் வீட்டு வாசல்’.

வேலை முடிந்து களைத்து வரும் உங்களிடம் இரவு ஒன்பது மணிக்கு “நாளைக்கு ப்ராஜெக்ட்” என்று பிள்ளை சொன்னால் கடைக்கு ஓடத்தான் தோன்றும். புரிகிறது. ஆனால் இதற்குப் பணம் வேண்டாம், பத்து நாள் அவகாசம் போதும்.

பனி காய்ந்தபின், காலை ஒன்பது, பத்து மணிக்குப் பறிக்கச் சொல்லுங்கள். ஈர இலை பூஞ்சை பிடிக்கும். தனி இலையாக இல்லாமல் சிறு கிளையாக, பூவோ காயோ இருந்தால் அதனுடன் எடுக்கட்டும். செய்தித்தாள் மடிப்புக்குள் விரித்து, ஓர் இலையை மட்டும் பின்பக்கம் தெரியத் திருப்பி வைத்து, மேலே இரண்டு மூன்று செங்கல் ஏற்றலாம். வார இதழ்களின் வழவழப்பான தாள் ஈரத்தை உறிஞ்சாது. முதல் நான்கு நாளும் தாளைத் தினமும் மாற்ற வேண்டும். பெரும்பாலும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள், இலை கறுத்துப்போகிறது. (போகிக்குப் பழைய பேப்பரை எல்லாம் கொளுத்திவிடாதீர்கள்.) பூவரசு, புங்கன், ஆவாரை எளிதாக உலரும். கற்றாழை உலராமல் அழுகும். செல்லோடேப் நாளடைவில் மஞ்சளாகும். மெல்லிய காகிதக் கீற்றில் பசை தடவி ஒட்டுவது நல்லது.

சீட்டில் நீங்கள் வீட்டில் சொல்லும் பெயர், இடம், தேதி போதும். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஹெர்பேரியத்தில் நூறாண்டு கடந்த தாள்கள் இருக்கின்றன. எங்கே, எப்போது பறித்தது என்ற குறிப்பு இருப்பதால்தான் அவை இன்றும் ஆய்வுக்குப் பயன்படுகின்றன.

பூச்சி அரித்த இலையை ஒட்டி, ‘இதை எந்தப் பூச்சி தின்றது?’ என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் அவளுக்கே. அழகான நோட்டுக்குக் குறைவாகப் போட்டது ஏன் என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

மூன்றாம் பருவம் முதல் கடையில் வாங்கிய, அல்லது பெரியவர்கள் செய்துகொடுத்த செயல்திட்டத்துக்கு வளரறி மதிப்பீட்டில் (பருவத்தின்போது செய்யும் பணிகளுக்கான மதிப்பீடு) மதிப்பெண் கிடையாது. இதில் விதிவிலக்கு கேட்டு வர வேண்டாம்.

எங்கள் பக்கமும் ஒரு மாற்றம்: செயல்திட்டங்களை இரண்டு வாரம் முன்பே டைரியில் எழுதித் தருவோம். ஹெர்பேரியத்தைத் திரும்பச் செய்ய விரும்புவோர் பொங்கல் விடுமுறை முடிந்த முதல் வாரத்தில் தரலாம். செடியின் பெயர் தெரியாவிட்டால் தாத்தா பாட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள். அதற்குத் தடையே இல்லை.

இதுவரை தந்த ஒத்துழைப்புக்கு மனமார்ந்த நன்றி. அனைவருக்கும் பொங்கல் நல்வாழ்த்துகள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்